முப்பது மில்லி ஆம்பியர்: கரண்ட் கொல்லும் அளவை மனிதன் கண்டுபிடித்த கதை

போன மார்கழியில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு தஞ்சாவூரிலிருந்து அம்மா போன் செய்தார். அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தால் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடும். "அப்பாவுக்கு ஷாக் அடிச்சிடுச்சுடா. இப்ப நல்லா இருக்கார். நீ பயப்படாதே."

நடந்தது இதுதான். ஹீட்டர் காயிலை இரும்பு வாளியில் போட்டு வெந்நீர் வைப்பது எங்கள் வீட்டில் வெகுநாள் பழக்கம். தண்ணீர் சுட்டிருக்கும் என்று நினைத்து, சுவிட்சை அணைக்காமலே அப்பா வாளியின் பிடியைப் பிடித்திருக்கிறார். வெறுங்கால், ஈரத் தரை. பிடித்த கை மூடிக்கொண்டது, திறக்கவில்லை. கத்த முயன்றும் சத்தம் வரவில்லையாம். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த அம்மா அப்பாவைத் தொடாமல் ஓடிப்போய் சுவிட்சை அணைத்திருக்கிறார். எழுபத்து மூன்று வயசு மனுஷர். தோள்பட்டை வலியோடு தப்பினார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில் கோளாறு ஒன்றும் இல்லை.

மறுநாள் நான் ஊருக்குப் போனபோது எலெக்ட்ரீஷியன் வந்திருந்தார். மெயின் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு, "எம்.சி.பி. போட்டிருக்கே சார். ட்ரிப் ஆகியிருக்கணுமே, ஏன் ஆகலைன்னு தெரியல" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க இன்ஜினியர்தானே?" என்று வேறு கேட்டார்.

ஆமாம், இன்ஜினியர்தான். பி.இ. எலெக்ட்ரிகல் படித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சாஃப்ட்வேருக்கு ஓடிவந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். மூன்று ஃபேஸ் மோட்டாருக்குச் சமன்பாடு எழுதத் தெரிந்த எனக்கு அந்தக் கேள்விக்கு அந்த நிமிஷம் பதில் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அதற்குப் பின் இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாகப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு கரண்ட் போனால் ஒரு மனிதன் சாவான்? அதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வேடிக்கை காலம்

மனிதன் தானே உண்டாக்கிய மின்சாரத்தில் பலமாக ஷாக் வாங்கியது 1745–46ல். பொமரேனியாவில் க்ளைஸ்ட் என்பவரும் நெதர்லாந்தின் லைடன் நகரில் முஷென்புரூக் என்ற பேராசிரியரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் மின்சாரத்தைச் சேமிக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். இன்றைய கெபாசிட்டரின் தாத்தா அது. ஜாடியைக் கையில் பிடித்தபடி உள்ளே போகும் கம்பியைத் தொட்டால் உடம்பு முழுக்க உதறும். பிரான்ஸ் ராஜ்ஜியத்தையே கொடுத்தாலும் இன்னொரு முறை தொட மாட்டேன் என்ற அர்த்தத்தில் முஷென்புரூக் பாரிஸுக்குக் கடிதம் எழுதினார்.

பாரிஸ்காரர்களுக்கு அது எச்சரிக்கையாகத் தெரியவில்லை, அழைப்பிதழாகத் தெரிந்தது! நொல்லே என்ற பாதிரியார் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து, மன்னர் பதினைந்தாம் லூயியின் முன்னால் ஜாடியின் கரண்ட்டை அவர்கள் வழியாகப் பாய்ச்சினார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். பிறகு சுமார் 200 துறவிகளை வைத்தும் இதையே செய்து காட்டினார். அரண்மனைக்கு நல்ல பொழுதுபோக்கு.

கடல் தாண்டி அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1750 டிசம்பர் 23 அன்று, இரண்டு பெரிய ஜாடிகளை வைத்து ஒரு வான்கோழியைக் கரண்ட்டால் கொல்லப் பார்த்தார். கவனம் சிதறி, ஷாக்கை அவரே வாங்கிக்கொண்டார். நினைவு தப்பி, பிறகு தேறினார். வான்கோழி அன்றைக்குப் பிழைத்தது.

சிரிப்பு 1753ல் நின்றது. ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கியோர்க் ரிக்மன் என்ற இயற்பியலாளர் இருந்தார். கூரையில் ஓர் இரும்புத் தண்டு, அதிலிருந்து வீட்டுக்குள் வரும் ஒரு கம்பி, அதன் முனையில் ஒரு நூலும் அளவுகோலும். மின்சாரம் கூடினால் நூல் விலகும், எவ்வளவு விலகுகிறது என்று படிக்கலாம். ஆகஸ்ட் 6 அன்று இடி முழங்குவது கேட்டு, ஒரு செதுக்கோவியரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அளவைப் படிக்கக் குனிந்தபோது தண்டிலிருந்து ஒரு நெருப்புப் பந்து அவர் நெற்றிக்குத் தாவியது. நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி, கிழிந்துபோன ஒரு ஷூ. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

இந்த மனிதர் என் மனதை விட்டுப் போகவில்லை. மற்றவர்களெல்லாம் மின்சாரத்தை வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தபோது, அதை அளக்க முயன்றவர் இவர். அளக்கும்போதே செத்தார்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வோல்ட் கிடையாது, ஆம்பியர் கிடையாது. இந்த அலகுகளை உலகம் ஒன்றுகூடி ஏற்றுக்கொண்டதே 1881ல் பாரிஸில் நடந்த மாநாட்டில்தான். அதுவரை "பெரிய ஜாடி", "சின்ன ஜாடி" என்றுதான் பேச முடிந்தது.

வோல்ட்டில் மாட்டிக்கொண்ட சண்டை

1880களில் மின்சாரம் ஆய்வகத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது. நியூயார்க்கில் கம்பங்களில் தந்தி, டெலிபோன், விளக்குக் கம்பிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. 1889 அக்டோபர் 11 அன்று ஜான் ஃபீக்ஸ் என்ற தந்தி லைன்மேன், கரண்ட் இருக்காது என்று நம்பி ஒரு கம்பியைத் தொட்டார். எங்கோ ஓரிடத்தில் அது விளக்குக் கம்பியோடு உரசிக்கொண்டிருந்தது. மதிய நேரம், கீழே பெருங்கூட்டம். அவர் உடல் கம்பிவலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தொங்கியது.

இதே காலத்தில்தான் எடிசனின் டி.சி.யா, வெஸ்டிங்ஹவுஸின் ஏ.சி.யா என்ற வியாபாரப் போர். நம்மில் பலருக்கு இந்தக் கதை தெரியும். ஹரால்ட் பிரவுன் என்ற மின் பொறியாளர், 1888 ஜூலையில் கொலம்பியா கல்லூரியில் ஒரு நாயை மேடையேற்றினார். முதலில் டி.சி.யைப் படிப்படியாக 1,000 வோல்ட் வரை கொடுத்தார், நாய் துடித்தது ஆனால் சாகவில்லை. பிறகு 330 வோல்ட் ஏ.சி. கொடுத்தார், செத்தது. ஏ.சி.தான் எமன் என்று நிரூபித்துவிட்டதாகச் சொன்னார். ஏற்கெனவே நைந்துபோன நாயை வைத்து என்ன நிரூபணம் என்று அங்கேயே எதிர்ப்பு வந்தது. பிறகு கன்றுக்குட்டிகள், ஒரு குதிரை என்று காட்சி தொடர்ந்தது.

இதன் உச்சம் 1890 ஆகஸ்ட் 6. ரிக்மன் செத்த அதே தேதி என்பது தற்செயல். ஆபர்ன் சிறையில், கொலைக்குற்றவாளி வில்லியம் கெம்லர் உலகின் முதல் மின்சார நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டார். சுமார் 1,000 வோல்ட், 17 விநாடி. மருத்துவர்கள் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். அப்புறம் பார்த்தால் மூச்சு ஓடுகிறது! அவசர அவசரமாக 2,000 வோல்ட்டுக்கு ஏற்றி, இரண்டாவது முறை கொடுத்தார்கள். அறையில் கருகிய நாற்றம் என்று பார்த்தவர்கள் பதிவு செய்தார்கள்.

எனக்கு இந்தக் கொடூரத்தைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது வேறு. அத்தனை பேரும் வோல்ட் கணக்கே பேசினார்கள். இத்தனை வோல்ட் கொல்லும், இத்தனை வோல்ட் கொல்லாது. ஆனால் ஆயிரம் வோல்ட்டில் கெம்லர் உடனே சாகவில்லை. அதில் கால்பங்கு வோல்ட்டில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்: 1879ல் லியோன் நகரில் ஒரு நாடக அரங்கத் தச்சர், 250 வோல்ட்டில். கேள்வியே தப்பு என்பதால் விடை பிடிபடவில்லை.

நம் ஊரிலும் இதே குழப்பம்தான். என் மாமா ஒருவர், "எனக்கு நூறு தடவை ஷாக் அடிச்சிருக்குப்பா, ஒண்ணும் ஆகல" என்று பெருமையாகச் சொல்வார். அவர் சொல்வது நிஜம்தான். உலர்ந்த கை, காலில் ரப்பர் செருப்பு, ஒரு நொடி உரசல். அந்த நிலையில் உடம்பின் தடை பல ஆயிரம் ஓம்ஸ் இருக்கும், கரண்ட் துளிதான் ஓடும். அதே மாமா நனைந்த கையோடு ஈரத் தரையில் நின்றால் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம்ஸுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லி ஆம்பியர். அதே வீடு, அதே ஆள், அதே 230 வோல்ட். நூறு தடவை தப்பியவர் நூற்றொன்றாவது தடவையும் தப்புவார் என்பதற்கு இதில் உத்தரவாதம் எதுவும் இல்லை.

ஜெனீவாவில் திறந்த கதவு

கரண்ட் உடம்புக்குள் போய் என்னதான் செய்கிறது? மூளையைத் தாக்குகிறதா, மூச்சை நிறுத்துகிறதா, ரத்தத்தைக் கெடுக்கிறதா என்று பல கருத்துகள் உலவின. 1899ல் ஜெனீவாவில் பிரிவோ, பத்தெல்லி என்ற இருவர் நாய்களின் இதயத்தை நேராகப் பார்த்து விடை சொன்னார்கள்.

இதயத்தின் கீழறைத் தசைகள் நூறாயிரம் பேர் சேர்ந்து தேர் இழுப்பது மாதிரி. எல்லோரும் ஒரே குரலுக்கு ஒன்றாக இழுத்தால்தான் தேர் நகரும். ஒரு மிதமான கரண்ட் குறுக்கே பாய்ந்தால் அந்தக் குரல் கெட்டுவிடுகிறது. ஆளாளுக்குத் தனித்தனியாக இழுக்கிறார்கள். வடம் துடிக்கிறது, தேர் நிற்கிறது. மருத்துவத்தில் இதற்கு வெண்ட்ரிகுலர் ஃபைப்ரிலேஷன் என்று பெயர், கீழறை நடுக்கம் என்று சொல்லலாம். ரத்த ஓட்டம் நின்று சில விநாடிகளில் நினைவு தப்பும். சில நிமிஷங்களில் மூளை அழியத் தொடங்கும்.

அவர்கள் கண்டது இன்னொன்றும் உண்டு. மிகப் பலமான ஷாக் கொடுத்தால் நடுக்கம் வருவதில்லை. அதற்கு மேல், நடுங்கிக்கொண்டிருக்கும் இதயத்தைப் பலமான ஒரு ஷாக் பழைய தாளத்துக்கே கொண்டுவந்துவிடும். சினிமாவில் டாக்டர் நெஞ்சில் இரண்டு தகடுகளை வைத்து "ஷாக்" கொடுக்கிறாரே, அந்தக் கருவியின் விதை இங்கேதான் இருக்கிறது.

ஆயிரம் வோல்ட் நாற்காலியில் முதல் முறை சாகாத கெம்லருக்கும், கால்பங்கு வோல்ட்டில் செத்த தச்சருக்கும் இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது. பெரிய கரண்ட் தசையைச் சுடும், ஆனால் இதயத்தை மொத்தமாக இறுக்கிப் பிடித்து விட்டுவிடவும் கூடும். நடுத்தரமான கரண்ட்தான் இதயத்தின் தாளத்தைக் கலைத்துவிட்டுப் போகிறது. நம் வீட்டு பிளக் பாயிண்ட் தரக்கூடிய அளவு சரியாக அந்த நடுவில் விழுகிறது.

ஆடுகளும் மாணவர்களும்

1920களில் அமெரிக்காவில் லைன்மேன்கள் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தார்கள். மின் நிறுவனங்களின் கவலையால் ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது. 1936ல் ஃபெரிஸ், கிங் உள்ளிட்ட நால்வர் குழு, ஆடுகளையும் மற்ற விலங்குகளையும் வைத்துச் செய்த சோதனைகளை வெளியிட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் ஒரு சிறு இடைவெளி உண்டு. ஷாக் அந்த இடைவெளியில் விழுந்தால்தான் சுலபமாக நடுக்கம் வருகிறது. அப்படியானால் ஷாக் நீடிக்க நீடிக்க, அந்த மோசமான நொடியில் அகப்பட்டுக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. எவ்வளவு கரண்ட் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம் என்று தெரிந்தது.

நேரம் முக்கியம் என்றால், கம்பியைத் தொட்டவர் ஏன் கையை எடுத்துவிடுவதில்லை? நம் ஊரில், "கரண்ட் புடிச்சிக்கிச்சு" என்று சொல்கிறோமே, அதைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்ஸீல் என்ற மின் பொறியியல் பேராசிரியர் எண்ணாக மாற்றினார்.

1940களில் அவர் செய்த சோதனையை இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் அனுமதிக்காது. ஆரோக்கியமான தன்னார்வலர்கள் உப்புநீரில் கையை நனைத்துக்கொண்டு ஒரு செப்புக் கம்பியைப் பிடிக்க வேண்டும். கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். "விடுங்கள்" என்றால் விட வேண்டும். எந்த அளவுக்கு மேல் விட முடியவில்லையோ அதுதான் அந்த ஆளின் எல்லை. ஆண்கள் 134 பேர், பெண்கள் 28 பேர். 60 சுழற்சி ஏ.சி.யில் சராசரி எல்லை ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. ஏறக்குறைய எல்லோராலும் கையை விட முடிகிற பாதுகாப்பான அளவு என்று அவர் போட்ட கோடு: ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6.

ஏன் விட முடிவதில்லை? கரண்ட் முன்கைத் தசைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முறுக்குகிறது. விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. அதனால் கை மூடத்தான் செய்யும். அதற்கும் மேலே போனால் நெஞ்சுத் தசைகளும் இறுகி, மூச்சு விட முடியாமல் போகும், குரல் எழும்பாது. அப்பா கத்த முயன்றும் சத்தம் வராததற்கு இதுதான் காரணம் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் நின்றேன்.

எங்கள் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில், "ஏ.சி. தூக்கி எறியும், டி.சி. இழுத்துப் பிடிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். டால்ஸீலின் அளவுகள் வேறு சொல்கின்றன. டி.சி.யில் ஆண்களின் சராசரி எல்லை 76 மில்லி ஆம்பியர். அதாவது ஏ.சி.தான் பிடித்துக்கொள்கிறது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கரண்ட்டிலேயே. அதிர்வெண்ணைப் பல ஆயிரமாக ஏற்றினால் எல்லை மறுபடி உயர்கிறது. மோட்டாருக்கும் விளக்குக்கும் வசதி என்று உலகம் தேர்ந்தெடுத்த 50, 60 சுழற்சிகள் நம் தசைகளுக்கு மிக மோசமான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது அப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கை மூடிக்கொண்டது, எனவே பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். இதயம் தாளம் தப்பவில்லை, எனவே நூறு, இருநூறை அது எட்டியிருக்க வாய்ப்பில்லை. தரை இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்திருந்தால் அல்லது அம்மா இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கை நான் போடவில்லை.

எம்.சி.பி. ஏன் ட்ரிப் ஆகவில்லை

எலெக்ட்ரீஷியனின் கேள்விக்கு இனி பதில் சொல்லலாம். அந்த ஹீட்டர் 1,500 வாட். அது எடுப்பது ஆறரை ஆம்பியர். காயிலின் உறை எங்கோ விரிந்து, கரண்ட் தண்ணீர் வழியாக வாளிக்கும், வாளி வழியாக அப்பாவுக்கும் கசிந்தது, சில பத்து மில்லி ஆம்பியர். எம்.சி.பி. 16 ஆம்பியர். 6.50 ஆம்பியர் 6.52 ஆனதை அது கவனிக்க வேண்டிய அவசியமே இல்லை. 230 மில்லி ஆம்பியர் ஓடி ஆள் செத்தாலும் கவனித்திருக்காது.

ஏனென்றால் ஃபியூஸும் எம்.சி.பி.யும் காப்பாற்றுவது ஒயரை. ஒயர் சூடாகி வீடு தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. மனிதனைக் காப்பாற்ற அவை செய்யப்படவே இல்லை.

இன்னும் எளிதாகச் சொல்கிறேன். பூஜை அறையில் ராத்திரி முழுக்க எரியும் ஜீரோ வாட் பல்ப் தெரியும் அல்லவா? பெயர்தான் ஜீரோ. பழைய இழை பல்பு என்றால் சுமார் 15 வாட் எடுக்கும். கரண்ட் கணக்கில் 65 மில்லி ஆம்பியர். அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சத்துக்கு ஓடும் கரண்ட் ஒரு மனிதன் வழியாகச் சில விநாடி ஓடினால் அவன் கை விடாது, மூச்சு நிற்கும், இதயமும் தப்பாமல் போகலாம்.

அப்பா விஷயத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அந்த பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை சும்மா அழகுக்கு. உள்ளே எர்த் ஒயர் இணைக்கப்படவே இல்லை. இருந்திருந்தால் கசிந்த கரண்ட்டின் பெரும்பகுதி அந்த வழியாக மண்ணுக்குப் போயிருக்கும். இல்லாததால் அப்பாவே எர்த் ஆனார்.

மனிதனைக் காப்பாற்றும் கருவி வந்தது 1950களின் நடுவில். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்காக ஆன்ரி ரூபின் என்ற பொறியாளர் நுண்ணுணர்வுள்ள ஒரு கசிவுத் துண்டிப்பானை உருவாக்கினார். 1961ல் டால்ஸீலும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்தார். கையை விட முடிகிற எல்லையை அளந்தவர் அல்லவா, அவர் கருவி 5 மில்லி ஆம்பியரிலேயே துண்டித்தது. அமெரிக்காவில் 1975ல் புது வீடுகளின் குளியலறைகளுக்கும் 1987ல் சமையலறைகளுக்கும் அது விதிகளில் ஏறியது. நம்மிடம் ஆர்.சி.சி.பி. என்று விற்பது இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

தத்துவம் மளிகைக்கடைக் கணக்கு மாதிரி எளிது. ஃபேஸ் ஒயரில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வர வேண்டும். இரண்டையும் ஒரே இரும்பு வளையத்துக்குள் செலுத்தினால் ஒன்றை ஒன்று ரத்து செய்து மிச்சம் பூஜ்யம். மிச்சம் வந்தால், வழியில் எங்கோ யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். அந்த "யாரோ" ஒரு மனிதனாக இருக்கலாம். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டும்போது 0.3 விநாடிக்குள்ளும், 150ஐ எட்டினால் 0.04 விநாடிக்குள்ளும் அது துண்டிக்க வேண்டும். இதயத்தின் ஒரு துடிப்புக்குச் சுமார் 0.8 விநாடி. அந்த மோசமான இடைவெளி வருவதற்குள் முந்திக்கொள்ளும் ஓட்டப்பந்தயம் இது.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஷாக்கே அடிக்காது என்று இல்லை. அடிக்கும், ஆனால் நீடிக்காது. பலகை மேல் நின்றுகொண்டு ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் அதற்கு நீங்களும் ஒரு பல்புதான், காப்பாற்றாது. எர்த் ஒயருக்கு அது மாற்றும் அல்ல. இரண்டும் வேண்டும்.

ஒரு பொறியாளர் டாக்டரான கதை

படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் கூவன்ஹோவன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மின் பொறியியல் பேராசிரியர். லைன்மேன்களின் சாவைத் தடுக்க 1920களில் ஆராய்ச்சியில் இறங்கியவர், முப்பது வருஷம் விடவில்லை. 1947ல் கிளீவ்லேண்டில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் நெஞ்சைத் திறந்து, 14 வயதுச் சிறுவன் ஒருவனின் நடுங்கும் இதயத்தை ஷாக் கொடுத்து மீட்டிருந்தார். திறக்காமல் செய்ய வேண்டும் என்பது கூவன்ஹோவனின் ஆசை. 1957ல் கருவி தயாரானது.

அந்தச் சோதனைகளின்போது நிக்கர்பாக்கர் என்ற அவருடைய மாணவர் ஒன்றைக் கவனித்தார். கனமான தகடுகளை நாயின் நெஞ்சில் அழுத்தும்போதே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது. கரண்ட் கொடுப்பதற்கு முன்பே! அப்படியானால் வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓட்டலாமே? ஜூட் என்ற மருத்துவரும் சேர, 1960ல் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்கச் சொல்லித்தரும் சி.பி.ஆர்., கைகளாலேயே நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்துவைக்கும் முறை, அங்கிருந்து வந்தது. ஷாக்கில் செத்த லைன்மேன்களுக்காகத் தொடங்கிய வேலை, மாரடைப்பில் விழும் எல்லோருக்கும் சொத்தானது. 1969ல் அந்தப் பல்கலைக்கழகம் இந்தப் பொறியாளருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது.

எனவே ஷாக் அடித்து விழுந்தவரைக் கண்டால் முதலில் கரண்ட்டை நிறுத்துங்கள். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள், உடம்பைத் தொடாதீர்கள். இது வீட்டு லைனுக்கு மட்டும்தான். தெருவில் அறுந்து விழுந்த கம்பி என்றால் எதையும் நீட்டாதீர்கள், விலகி நின்று மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். கரண்ட் நின்றபின் ஆள் அசையவில்லை, சரியாக மூச்சு விடவில்லை என்றால் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். கை காலைத் தேய்ப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அந்தச் சில நிமிஷங்களை வீணாக்குவதுதான்.

கடைசியில் எங்கள் வீடு

தை பிறந்ததும் ஆர்.சி.சி.பி. போட்டோம். பிளக் பாயிண்டுகளுக்கு எர்த் இழுத்தோம். ஹீட்டர் காயில் பழைய இரும்புக் கடைக்குப் போனது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, அம்மா போன். "நீ மாட்டிட்டுப் போனது தொட்டதுக்கெல்லாம் அணைஞ்சுபோகுதுடா. மிக்ஸி ஓடல, ஃபேன் ஓடல." எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "அது ரொம்ப சென்சிட்டிவ் சார். எல்லா வீட்லயும் இதே கம்ப்ளெயின்ட்தான். பைபாஸ் பண்ணிடலாமா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாலு வருஷம் எலெக்ட்ரிகல் படித்த எனக்கே ஒருவரும் சொல்லித்தரவில்லையே.

"வேண்டாம்ணே. ஒவ்வொரு பிளக்கா கழட்டிப் பாருங்க" என்றேன். போனிலேயே முக்கால் மணி நேரம். கடைசியில் அகப்பட்டது வெட் கிரைண்டர். அதைக் கழற்றினால் ஆர்.சி.சி.பி. நிற்கிறது, மாட்டினால் விழுகிறது. மோட்டாருக்குள் மாவுத் தண்ணீர் இறங்கியிருந்தது.

அம்மா அப்போதுதான் சொன்னார்: "அதுவா? கல்லைத் தொட்டா ரொம்ப நாளாவே லேசா சுர்ருன்னு இருக்கும். செருப்பு போட்டுக்கிட்டு அரைச்சுக்குவேன்."

ரொம்ப நாளாக.

ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் 'டி' என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்த வேண்டும். உடனே துண்டித்தால் உள்ளே இருக்கும் இயந்திரம் இறுகிப்போகாமல் இருக்கிறது என்று அர்த்தம். துண்டிக்கவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டும். அப்பா இதைத் தமிழ் மாசம் ஒண்ணாந்தேதி வேலையாக எடுத்துக்கொண்டார். காலையில் பஞ்சாங்கம் பார்த்துவிட்டு நேராக மெயின் போர்டுக்குப் போய் அழுத்துகிறார். அணைகிறது. மறுபடி தூக்கிவிட்டு எனக்குப் போன் செய்கிறார்.

"விழுந்துச்சுடா" என்பார். "சரிப்பா" என்பேன்.

உங்கள் வீட்டு போர்டிலும் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை போய்ப் பாருங்கள்.